அவர் சாப்பிட்ட தட்டு

ஓரத்தில் பச்சைக் கோடு போட்ட வெள்ளைப் பீங்கான் தட்டு அது. எனக்கு முன்னால் ஒன்று, என் வீட்டுக்காரருக்கு முன்னால் ஒன்று. திருப்பதியில் அப்போது புதிதாகத் திறந்திருந்த ஏ.சி. ஓட்டலில், கல்யாணமான பிறகு நாங்கள் இருவரும் முதன்முதலாக எதிரெதிரே சாப்பிட உட்கார்ந்தது அந்தத் தட்டுகளுக்கு முன்னால்தான்.

பெங்களூரில் புதுக் கம்பெனிகள் வந்துகொண்டிருந்த காலம். ஆந்திர எல்லையில் விஜயபுரம் பக்கத்தில் கூலிக்கு வேர்க்கடலை பிடுங்கிய குடும்பத்தில் பிறந்த என் வீட்டுக்காரர், அங்கே ஒன்றில் சூப்பர்வைசர் ஆகிவிட்டார். ஆளும் மாறிவிட்டார். சட்டைக்கு இஸ்திரி, பேச்சுக்கு இங்கிலீஷ். நான் மட்டும் மாமியாரோடு ஊரிலேயே கிடந்தேன். என்றைக்காவது என்னையும் அழைத்துப்போய்த் தனிக்குடித்தனம் வைப்பார் என்ற ஆசை ஒன்றுதான் எனக்கு. அந்த முறை லீவுக்கு வந்தவர், "அங்க எல்லாரும் சம்சாரத்தக் கூட்டிக்கினுதான் ஓட்டலுக்குப் போவாங்க. நீ எப்பிடி நடந்துக்கறேன்னு ஒருவாட்டி பாத்துட்டுக் கூட்டிக்கினு போறேன்" என்றார். பரீட்சை என்று தெரிந்தேதான் போனேன், கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு.

எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். புருஷன் தின்று முடித்த தட்டில்தான் பெண்டாட்டி தின்ன வேண்டும். நடுவில் கழுவக்கூடாது. மருமகளாய் வந்த முதல் நாளே மாமியார் சொல்லிக்கொடுத்தது அது. என் வீட்டுக்காரரும் எனக்கென்று ஒரு கறித்துண்டை ஓரத்தில் ஒதுக்கி வைப்பார். பொய் சொல்வானேன், எனக்கு அது பிடித்தே இருந்தது. அவர் என்னை நினைத்துக்கொண்டார் என்பதற்கு அந்த வீட்டில் வேறு என்ன அடையாளம் இருந்தது?

ஓட்டலிலும் அப்படியே காத்திருந்தேன். "நீயும் துன்னு" என்று அவர் சொன்னது, நாலு பேர் பார்க்கிறார்களே என்று ஒப்புக்குச் சொன்னது என்று நினைத்துவிட்டேன். அவர் பிரியாணியைத் தின்று முடித்ததும் அவருடைய தட்டை என் பக்கம் இழுத்து, கிண்ணத்தில் மிச்சமிருந்ததை அதிலேயே போட்டுக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தேன். அன்று அவர் துண்டு எதுவும் ஒதுக்கவில்லை. மறந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்து மேஜையில் இரண்டு பெண்கள் சிரித்தார்கள். சர்வர் ஓடிவந்து, எனக்கு வைத்த தட்டைக் காட்டி, "இது நன்றாக இல்லையா அம்மா?" என்று தெலுங்கில் மரியாதையாகத்தான் கேட்டார்.

என் வீட்டுக்காரர் முகம் கறுத்துப்போயிற்று. சர்வரைப் பார்த்து, "ஆமெ மா இண்ட்லோ பனிமனிஷி" என்றார். இவள் எங்கள் வீட்டு வேலைக்காரி. எனக்குத் தெலுங்கு தெரியாதா என்ன? பள்ளிக்கூடத்தில் படித்ததே தெலுங்குதான்.

அடப்பாவி! தாலி கட்டினவன் சொல்கிற வார்த்தையா அது? சர்வருடைய மரியாதையெல்லாம் அந்த நிமிஷமே போயிற்று. "டிரைவருங்க துன்ற பெஞ்சு வெளிய கீது. எடுத்துக்கினு அங்க போ" என்றார், தமிழில். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் மெனு கார்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போனேன். முகம் தெரியாத இரண்டு டிரைவர்களுக்குப் பக்கத்தில், கல்யாணப் புடவையோடு உட்கார்ந்து தின்றேன். உள்ளே அவர் நிதானமாக ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு வந்தார்.

போன மாதம் திருப்பதிக்குப் போயிருந்தபோது ஒரு ஓட்டலில் பார்த்தேன். புதுசாகக் கல்யாணமான ஜோடி. அவன் பாதி தின்ற தட்டில் அவள் கைவைத்துச் சாப்பிடுகிறாள், அவன் அதைப் போட்டோ எடுக்கிறான். சர்வரும் சிரித்துக்கொண்டே போகிறார். அன்று நான் செய்ததும் இதைத்தானே?

அன்று அவரோடு ஓட்டலுக்குப் போய்வந்த மறுநாள் மதியம் வீட்டில் களியும் கறிக்குழம்பும். அவர் தின்று முடித்தார். ஓரத்தில் ஒரு துண்டை ஒதுக்கி, தட்டை என் பக்கம் தள்ளி, "இந்தா, துன்னு" என்றார். ஒன்றுமே நடக்காத மாதிரி! மாமியார் பார்த்துக்கொண்டே இருந்தார். தட்டை எடுத்துப்போய் நாய்க்குக் கொட்டினேன். வேறு தட்டில் எனக்குப் போட்டுக்கொண்டு, அவர் எதிரிலேயே உட்கார்ந்து தின்றேன்.

சாயங்காலமே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போகவில்லையா என்று பஸ் நிற்கும் இடத்தில் ஊர்க்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். அவர் சொன்ன பதில் இருட்டுவதற்குள் என் காதுக்கு வந்துவிட்டது.

"புருஷன் தட்டுல துன்னாத பொம்பளைய எப்பிடிப்பா கூட்டிக்கினு போறது?"