நல்லா இருக்கோம் சார்

சென்னையிலிருந்து ஒரு அரசு விசாரணைக் குழு அரியலூருக்கு வருகிறது என்று தொழிற்சங்கச் செயலாளர் சொன்னதும், அவர்கள் என்ன கேட்பார்கள் என்றுதான் யோசித்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் நான் நடத்திய டைப்ரைட்டிங் சென்டரில்தான் சங்கத்தின் மனுக்கள் தயாராகும். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் மருத்துவக் காப்பீடு வேண்டும், வயதானபின் ஓய்வூதியம் வேண்டும் என்று எத்தனையோ முறை அடித்திருக்கிறேன். அவை போய்ச் சேரும் மேசைக்குப் பின்னால் யார் உட்கார்ந்திருப்பார் என்று அடிக்கும்போதே கற்பனை ஓடும்.

அந்த வருடம் அது ஊரார் விஷயமாக இல்லை. சுரங்கத்தில் பின்பக்கமாக வந்த டிப்பர் என் மகனின் முழங்காலை நசுக்கியிருந்தது. உள்ளே பிளேட் வைத்திருந்தார்கள். இன்னொரு ஆபரேஷன் பாக்கி. நிரந்தரத் தொழிலாளியை சிமெண்ட் ஆலை பார்த்துக்கொள்ளும். என் மகனைப் போல ஒப்பந்தக்காரரின் ஆளுக்கு எல்லாம் கேட் வரைதான். வண்டி பின்பக்கமாக வரும் சத்தம் கேட்டால் இன்றும் என் கை எதையாவது பிடித்துக்கொள்கிறது.

பயணியர் மாளிகையில் விசாரணை. பெரிய அதிகாரிகளைப் பார்க்கப் போகிறோம் என்று எல்லோரும் தீபாவளிக்கு எடுத்ததை உடுத்தி வந்திருந்தார்கள். யார் மேலும் சுரங்கத் தூசி இல்லை. செந்துறையிலிருந்து வந்த அம்மா மல்லிகை வைத்திருந்தார். என் மகன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்து, ஊன்றுகோலை வாசல் வேப்பமரத்தில் சாய்த்துவிட்டு, சுவரைப் பிடித்தபடி உள்ளே போனான்.

"அதை எதுக்குடா வெளியில வச்ச?"

"அவங்க முன்னாடி கோலோட போனா மரியாதையா இருக்காதுப்பா."

குழுத் தலைவர் நல்ல மனிதர். ஒவ்வொருவரையும் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டார். "நல்லா இருக்கோம் சார்." நெஞ்சில் தூசி அடைத்தவர்கூட இருமலை விழுங்கிக்கொண்டு, "ஒரு கொறையும் இல்லீங்க" என்றார். என் மகனும் "நல்லா இருக்கேன் சார்" என்றான்.

தலைவர் குழப்பத்தோடு செயலாளரைப் பார்த்தார். செயலாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

நான் எழுந்துவிட்டேன். "சார், எங்க பக்கத்துல அப்படிக் கேட்டா வேற பதில் வராதுங்க. எழவு வூட்டுல கேட்டாலும் இதான் வரும். கடைசியா என்னிக்கு வேலைக்குப் போனீங்கன்னு கேட்டுப் பாருங்க."

சிலர் சிரித்தார்கள். அவர் என் மகனிடம் அப்படியே கேட்டார்.

"போன மாசி மாசம் சார்."

"அதுக்கப்புறம்?"

அவன் என்னை முறைத்தான். பிறகு வேட்டியை முழங்காலுக்கு மேல் விலக்கிக் காட்டினான். பக்கத்திலிருந்தவர் இருமத் தொடங்கினார். இந்த முறை அடக்கவில்லை. "எங்க வூட்டுக்காரரு வேலைக்குப் போயி ரெண்டு தீவாளி போச்சுங்க" என்றார் மல்லிகை வைத்த அம்மா. சாப்பாட்டு நேரம் தாண்டியும் குழு எழவில்லை.

காருக்குப் போகும்போது தலைவர் என்னிடம் நின்றார். "காப்பீட்டுல பழைய விபத்துகளையும் சேர்க்கணும்னு எழுதறேன். மேல ஒத்துக்கணும். நீங்க எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன் சார்" என்றேன்.

டிரைவர் காரைப் பின்பக்கமாக எடுத்தார். என் கை மகனின் வெள்ளைச் சட்டையைக் கசக்கிப் பிடித்திருந்தது.

"வுடுப்பா," என்றான். "பாத்துட்டுத்தான் எடுக்கறாரு."