கை எட்டும் உயரம்

ஆர்டிஸ் சிபுல்ஸ்கி சாவுக்குப் பயப்படவில்லை. அவளுக்குப் பயமெல்லாம் ஏணியைப் பற்றித்தான்.

ஏப்ரல் கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும், கோட்டைக்கூடக் கழற்றாமல் அவள் செய்த முதல் காரியம், கணவனின் அக்கா மகன் டரெலுக்குப் போன் போட்டதுதான். டரெல் டவுனில் கார்களைத் துடைத்துப் பளபளப்பாக்கும் கடை வைத்திருந்தான்.

“டரெல், எங்க டிரெய்லருக்கு, மெழுகுக்குப் பதிலா நீ பூசுவியே, அந்த செராமிக் பூச்சைப் பூசணும்டா. எப்ப வர்றே?”

“அத்தையா பேசறது? போன வருஷம் நான் கேட்டப்போ, ‘என் கை என்ன செத்தா போச்சு’ன்னு கடைக்கே வந்து திட்டினீங்களே!”

“அப்ப சாகலை. இப்ப சாகப்போகுது. எப்ப வர்றேன்னு மட்டும் சொல்லு.”

மறுமுனையில் ஓடிக்கொண்டிருந்த மிஷினை டரெல் நிறுத்தினான். பிறகு, “சனிக்கிழமை வர்றேன் அத்தை” என்றான்.

அவளைத் தெரியாதவர்கள் எங்கள் ஆற்றங்கரையில் இல்லை. பால் பண்ணையில் பிறந்தவள். இளம் வயது முழுவதும் பள்ளிக்கூட பஸ் ஓட்டினாள். விஸ்கான்சின் குன்றுகளின் வளைவுச் சாலையில், பனி கொட்டும் காலையில், பின்னால் கத்துகிற பிள்ளைகளைக் கண்ணாடி வழியாக ஒரே பார்வையில் அடக்கியபடி ஓட்டுவாள். இன்று எங்கள் ஊரில் நரை விழுந்தவர்கள் பலர் அந்தப் பார்வைக்கு அடங்கியவர்கள்தாம். கணவன் எர்வின் மிசிசிப்பி ஆற்றின் மதகுக் கதவில் வேலை பார்த்தவன். தண்ணீர் மட்டத்தைக் கூட்டிக் குறைத்துப் படகுகளை ஏற்றி இறக்கியே தோள் தேய்ந்துபோன மனிதன். பேச்சு குறைவு. அவனுக்கும் சேர்த்து அவள் பேசிவிடுவாள்.

இருவரும் ஓய்வு பெற்ற வருஷம் வாங்கியது அந்த டிரெய்லர். வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் வெள்ளைச் சக்கர வீடு. ஒரு படுக்கை, ஒரு அடுப்பு, மடித்தால் மேஜையாகும் பலகை. கோடை முழுவதும் அதுதான் அவர்களுக்கு வீடு. கோடையில் டிரெய்லர்களை நிறுத்தும் எங்கள் முகாமில் ஆற்றைப் பார்த்த இடம் அவர்களுடையது. வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்குப் பிறகு, அந்த டிரெய்லரின் வாசலில்தான் சீட்டுக் கச்சேரி நடக்கும். பிராந்தி கலந்து கொடுப்பது எர்வின். ஏமாற்றி ஜெயிப்பது ஆர்டிஸ்.

மே மாதம் வந்தால் மெழுகு. இதில் அவள் யாரையும் கிட்டே சேர்த்ததில்லை. கழிவுக் குழாய் எர்வினுடையது, டயர் எர்வினுடையது. சுவர் அவளுடையது. கொட்டகையிலிருந்து டிரெய்லரை வெளியே இழுத்துக் கழுவி, ஏணியைப் போட்டு, உச்சி முதல் அடிவரை கையாலேயே மெழுகு தேய்ப்பாள். ஜூலையில் ஆற்றிலிருந்து ஈசல் மாதிரி பூச்சிகள் மேகமாகக் கிளம்பி முகப்பில் அப்பிச் சாகும். அவை காய்ந்தால் வெள்ளைப் பூச்சையே அரித்துவிடும். மெழுகு இருந்தால் ஈரத்துணி பட்டதும் வழித்துக்கொண்டு வரும். “என் சுவத்தைப் பாரு, கன்னம் மாதிரி இருக்கு” என்று எங்கள் பெண்களைக் கூப்பிட்டுத் தடவச் சொல்வாள். நாங்களும் தடவியிருக்கிறோம்.

அந்தச் சுவர்தான் அந்த வசந்தத்தில் கணவன் மனைவிக்கு நடுவே நின்றது.

சனிக்கிழமை டரெல் வந்தான். டிரெய்லரைச் சுற்றி வந்து விரலால் தட்டிப் பார்த்தான். எர்வின் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். ஆர்டிஸ் மடக்கு நாற்காலியில், மடியில் போர்வையோடு.

“மாமா, உள்ளதைச் சொல்லிடறேன். இது மந்திரம் இல்லை. கல் பட்டா கீறும். கூரை ஓட்டையை அடைக்காது. தண்ணி விட்டுக் கழுவத்தான் வேணும். ஆனா அஞ்சு வருஷத்துக்கு மெழுகு வேலையே இல்லை. பூச்சி ஒட்டாது, வெயில்ல வெளுக்காது.”

“செய்டா” என்றாள் ஆர்டிஸ்.

“ஒண்ணு அத்தை. பூசறதுக்கு முன்னாடி மிஷின் போட்டு முழுசா உரிச்செடுக்கணும். பழைய மெழுகு ஒரு பொட்டு இருந்தாக்கூட செராமிக் பிடிக்காது. உங்க மெழுகு மொத்தமும் போயிடும்.”

எர்வினின் முகம் மாறியது. கட்டிய கைகள் அவிழ்ந்தன.

“வேண்டாம்” என்றான்.

“என்ன வேண்டாம்?”

“பூச்சு வேண்டாம். டரெல், காபி குடிச்சிட்டுக் கிளம்பு.”

சொல்லிவிட்டு டிரெய்லருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான். எத்தனையோ வருஷ வாழ்க்கையில் அவன் அவள் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தியது அதுதான் முதல் தடவை. ஆர்டிஸ் எழுந்தாள். டரெல் தாங்கிப் பிடிக்க ஓடி வந்தான். அவள் அவன் கையைத் தட்டிவிட்டு, கைப்பிடியைப் பற்றி, ஒவ்வொரு படியாக ஏறி உள்ளே போனாள்.

எர்வின் மேஜைப் பலகையில் முழங்கையை ஊன்றி உட்கார்ந்திருந்தான்.

“என்னடா கோபம் உனக்கு?”

“கோபம் இல்லை.”

“போன வருஷம் நம்ம முகாம்ல இருந்த வெண்டல் ஏணியிலேர்ந்து விழுந்தான், ஞாபகம் இருக்கா? இடுப்பு போச்சு. இப்ப நர்சிங் ஹோம்ல ஜன்னலைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கான். உன் தோள் ஒரு பால் கேனைத் தூக்காது. நான் போன பிறகு நீ கௌரவத்துக்குன்னு ஏணியில ஏறுவே. எனக்குத் தெரியும். விழுந்தா யாரு உன்னைத் தூக்குவா?”

“நீ போகப்போறேன்னு யாரு சொன்னா?”

“டாக்டர் சொன்னார். நீ பக்கத்துலதான் உக்காந்திருந்தே. கூரையைப் பார்த்துக்கிட்டு இருந்தே.”

அவனுடைய பெரிய உடம்பு குலுங்கியது. ஆற்றில் பிணம் மிதந்து வந்த நாளிலும் கண் கலங்காத மனிதன்.

“உன் கை பட்ட இடம் ஆர்டிஸ் அது. ஒவ்வொரு வருஷமும் நீ தேச்சது. அதை மிஷின் வெச்சு சுரண்டி எடுன்னு என் வாயால சொல்லச் சொல்றியா?”

ஆர்டிஸ் அவனையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். சிரிக்கும்போதே வயிற்றைப் பிடித்துக்கொண்டாள், வலி.

“மக்கு. மெழுகு செப்டம்பர் வரைக்கும்கூட நிக்காது. ரெண்டு நல்ல மழை, ஆகஸ்ட் வெயில், அவ்வளவுதான். நீ காவல் காக்கிறது அங்க இல்லவே இல்லை எர்வின். எப்பவோ ஆத்தோட போயிடுச்சு. அதனாலதானே நான் வருஷா வருஷம் தேய்ச்சேன்?”

வெளியே ஒரு பாரப் படகு ஊதிக்கொண்டு போனது.

“சரி” என்றான் கடைசியில். தலை நிமிரவில்லை. “அப்ப இதுக்குப் பதில் சொல்லு. அஞ்சு வருஷத்துக்கு வேலையே இல்லைங்கிறான் அவன். மே மாசம் வரும். டிரெய்லரை வெளிய இழுப்பேன். அப்புறம் நான் என்ன செய்யறது? பளபளன்னு நிக்கிற சுவரைப் பார்த்துக்கிட்டுச் சும்மா உக்காந்திருக்கவா?”

ஆர்டிஸ் எதிரே மெல்ல உட்கார்ந்தாள்.

ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்தபடி அவள் எல்லாவற்றையும் யோசித்திருந்தாள். அவன் தோளை யோசித்தாள், ஏணியை யோசித்தாள், விழுந்தால் முறியும் எலும்பை யோசித்தாள். அவனுடைய மே மாதத்தை யோசிக்க மறந்துபோனாள். தான் கொடுக்க நினைத்த ஓய்வு, அந்த மனிதனைத் தனிமையில் தள்ளித் தாழ்ப்பாள் போட்டுவிடும் என்பது அந்த நிமிஷம்தான் அவளுக்கு உறைத்தது. அன்பு வைத்தவர்கள் செய்யும் தப்புக்கு ஈடாக, பகைவர்கள் செய்யும் தப்பு எதுவும் இல்லை.

“எழுந்திரு” என்றாள்.

“எங்க?”

“வெளிய வா. டரெல்! இன்னும் போகலையே? அந்த நீல டேப்பைக் கொண்டா.”

எர்வினைச் சுவரோடு நிற்க வைத்தாள்.

“கையைத் தூக்கு. தோள் வலிக்கிற வரைக்கும். பொய் சொல்லாதே, உன் மூஞ்சியைப் பார்த்தாலே தெரியும். இன்னும். சரி, அங்கேயே நில்லு.”

அவன் விரல் நுனி எட்டிய இடத்தில் டரெலை டேப் ஒட்டச் சொன்னாள். அங்கிருந்து சுவர் நெடுக, நேராக.

“டேப்புக்கு மேல உன் செராமிக். முகப்பு மொத்தமும் செராமிக். பூச்சி சாகிற இடமும் ஏணி போடற இடமும் உன்னோடது டரெல். டேப்புக்குக் கீழ மெழுகு. அது இவனோடது.”

டரெல் தலையைச் சொறிந்தான். “அத்தை, பாதிச் சுவத்துக்குப் பூசினதா நான் கேள்விப்பட்டதே இல்லை. ஊர் சிரிக்கும். மீசை வெச்ச கிழவி மாதிரி இருக்கும்.”

“நானே மீசை வெச்ச கிழவிதான். பூசுடா.”

எர்வின் தூக்கிய கையை இன்னும் இறக்கவில்லை. அந்தக் கையைப் பிடித்து மெல்ல இறக்கிவிட்டாள். பிறகு அதை விடவேயில்லை.

செராமிக் வேலை முடிந்ததும் மெழுகு தொடங்கியது. ஆர்டிஸ் நாற்காலியில் இருந்தபடி கத்தினாள். எர்வின் முதல் நாளே உச்சிவெயிலில், நீளச்சுவர் முழுவதும் ஒரே மூச்சில் அப்பிவிட்டான். மெழுகு சுண்ணாம்பு மாதிரி இறுகிப்போனது. துணி போட்டு இழுத்தால் வரவில்லை.

“கடவுளே! ரொட்டிக்கு வெண்ணெய் தடவறானாம்! நிழல் இருக்கிற பக்கமா போ எர்வின். ஒரு கையகலம் பூசு, தேய், அப்புறம் அடுத்தது. மதகுக் கதவுல எத்தனை படகைக் கவுத்தே நீ?”

“ஒண்ணுகூடக் கவுக்கலை.”

“பார்க்க நான் அங்க இல்லை, அதான் தைரியமா சொல்றே.”

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.

அந்தக் கோடையை அவள் முழுசாகப் பார்த்தாள். செப்டம்பரில் ஒரு நல்ல மழை பெய்தது. போர்வையைச் சுற்றிக்கொண்டு, எங்கள் கூரைக்குக் கீழே நின்று பார்த்தாள். டேப் இருந்த கோட்டுக்கு மேலே தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு உருண்டது. கீழே முத்துகள் இல்லை. தண்ணீர் பரவி, சோர்ந்து வழிந்தது. மெழுகு போய்விட்டது. “சொன்னேன்ல” என்றாள், யாரிடமும் அல்லாமல். அவள் முகத்தில் துக்கம் இல்லை.

ஆறு உறைந்திருந்த பிப்ரவரியில் ஆர்டிஸ் கண்ணை மூடினாள். இறுதிச் சடங்குக்குப் பிறகு சர்ச்சின் கீழ்த்தளத்தில் பன்றித் தொடை வைத்த ரொட்டியும் உருளைக்கிழங்கும் பரிமாறினோம். அவள் பஸ்ஸில் போன பிள்ளைகள், பேரப்பிள்ளைகளோடு வந்து வரிசையில் நின்றார்கள். எர்வின் எல்லோருக்கும் கை கொடுத்தான்.

மே வந்தது. கொட்டகைக் கதவைத் திறந்து அவன் டிரெய்லரை வெளியே இழுத்தான். நாங்கள் போகவில்லை. தள்ளியிருந்தே பார்த்தோம். நிழல் பக்கமாகப் போனான். ஒரு கையகலம் பூசினான், தேய்த்தான், நகர்ந்தான். ஒரு பக்கச் சுவர் முடியவே நாட்கள் பிடித்தன. நடுவில் நெற்றியைச் சுவரில் வைத்தபடி நின்றான். பிறகு துணியை மறுபுறம் மடித்து மறுபடி தேய்த்தான்.

ஒருநாள் டரெல் வந்தான். வண்டியிலிருந்து இறங்காமலே கேட்டான்.

“மாமா, கீழ்ப்பாதிக்கும் பூசிடட்டுமா? கடையில செராமிக் மிச்சம் இருக்கு. தோள் எப்படி வீங்கியிருக்கு பாருங்க.”

எர்வின் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

“இந்த வருஷம் வேண்டாம்டா. அடுத்த வருஷம் வந்து கேளு.”

“அடுத்த வருஷம் சரின்னு சொல்வீங்களா?”

“மாட்டேன். ஆனா வந்து கேளு.”

டரெல் என்ஜினை அணைத்துவிட்டு இறங்கினான். உதவிக்குத் துணியை எடுக்கப் போனவன், என்ன நினைத்தானோ, எடுக்காமல் கைகளைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு புல்லில் உட்கார்ந்தான். எர்வின் தேய்த்துக்கொண்டிருந்தான். இன்னும் ஒரு சுவர் முழுசாக மீதியிருந்தது.