காலிக்குடம் தொங்காத இடம்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். தொழிலில் அது சில நேரம் உதவும், பல நேரம் உதைக்கும். இது உதைத்த கதை.

நானும் என் வீட்டுக்காரரும் வில்லாபுரத்தில் வீட்டு முன்னறையையே ஆபீசாக வைத்துக்கொண்டு, கடைகளுக்கும் சின்ன ஆஸ்பத்திரிகளுக்கும் வைஃபை போட்டுக்கொடுக்கிறோம். எந்தப் பெட்டி, எத்தனை, எந்த இடத்தில் என்று முடிவெடுப்பது நான். ஏணியில் ஏறி மாட்டுவது அவர். ஆரம்பத்தில் இது தலைகீழாக இருந்தது. நான் கீழே நின்று ஓயாமல் குறை சொன்னதால் அவரே ஒரு நாள் ஏணியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை என்னிடம் தள்ளிவிட்டார்.

ஒரு புரட்டாசியில் மாசி வீதியை ஒட்டிய சந்தில் இருக்கும் பாத்திரக்கடை ஒன்றில் வேலை வந்தது. தரைத்தளத்தில் எவர்சில்வர், முதல் மாடியில் குக்கர் வகையறா, இரண்டாம் மாடியில் ஓட்டல் பாத்திரங்கள், மூன்றாம் மாடியில் பித்தளையும் வெண்கலமும். கல்யாணச் சீர் எடுக்க வருகிறவர்களெல்லாம் அந்த மூன்றாம் மாடிக்குத்தான் போவார்கள். கையடக்கமான பில் மெஷின்கள் வாங்கியிருந்தார்கள். அவை ஓட எல்லா மாடியிலும் வைஃபை வேண்டும்.

பித்தளையை எடைபோட்டு விற்பார்கள், விலை நாளுக்கு நாள் மாறும். அதனால் அந்தக் கடையில் ஒரு சட்டம் உண்டு. பொருளை எடுத்துக் காட்டியவரே எடை போட்டு, சீட்டு எழுதி, கீழே இறங்கி, கூடவே நின்று பில் வாங்கி வர வேண்டும். நடுவில் கை மாறக் கூடாது. முதலாளியின் அப்பா போட்ட சட்டம். மூன்றாம் மாடியில் அதை இருபது வருஷத்துக்கு மேலாகச் சுமந்துகொண்டிருந்தவர் ஓர் அக்கா. எந்த ஊர்க் குடும்பம் மூத்த பெண்ணுக்கு என்ன அண்டா எடுத்தது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. கடையில் லிப்ட் இருந்தது, ஆனால் அது சரக்குக்கு மட்டும்.

இடம் பார்க்கப் போன முதல் நாள் அவர் படியில் உட்கார்ந்து முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“தாயி, இந்த மெஷினு வந்துட்டா மேலயே பில்லு போட்டுக்கிறலாம்னு சொல்றாக. நெசமா?”

“நெசந்தான்க்கா.”

“போட்டுச்சுன்னா இருப்பேன். இல்லன்னா ஐப்பசி முகூர்த்தத்தோட நின்னுக்கிருவேன். இம்புட்டுப் படிய இனி என்னால முடியாது.”

“நின்னுட்டு வீட்ல என்ன செய்வீங்க?”

“அதேன் எனக்கும் தெரியல” என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அழுதிருந்தால்கூடச் சமாதானம் சொல்லியிருப்பேன்.

முதலாளிக்கோ வேறு கவலை. “எங்க மச்சான் வீட்ல எட்டுக் கொம்பு வச்ச வைஃபை பெட்டி இருக்கும்மா. அதுல ஒண்ண கீழ வச்சா மூணு மாடிக்கும் பாயும்ங்கிறாரு” என்றார்.

“அண்ணே, கொம்பப் பாத்து மாடு வாங்கலாம். இத வாங்க முடியாது” என்றேன்.

மாடிக்கு ஓர் ஆக்சஸ் பாயிண்ட், அதாவது வைஃபை பரப்பும் சின்னப் பெட்டி, போதும் என்று சொன்னேன். கூரையில் தட்டுப் போல ஒட்டியிருக்கும். மின்சாரமும் நெட்டும் ஒரே கேபிளில் போய்விடும். மெஷினோடு மாடி ஏறினால் ஒரு பெட்டி இணைப்பை அடுத்த பெட்டியிடம் தானே ஒப்படைத்துவிடும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “கொம்பே இல்லையேம்மா” என்று வருத்தத்தோடு சம்மதித்தார்.

அடுத்த நாள் சிக்னல் அளக்கப் போனோம். எங்கள் அதிர்ஷ்டம், ஆயுத பூஜைக்காகக் கடையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பாத்திரம் முழுக்க மொட்டைமாடிக்குப் போய்விட்டது. புளி போட்டுத் துலக்கும் சத்தம் தெருவரை கேட்டது. மூன்றாம் மாடி ஆடுகளம் மாதிரி வெறுமையாக இருந்தது. மாடிப்படி ஏறியதும் இருக்கும் கவுண்டருக்கு நேர் மேலே பெட்டியைப் பிடிக்கச் சொல்லி, போனில் அளந்துகொண்டே மூலைக்கு மூலை நடந்தேன். எங்கே போனாலும் முழு சிக்னல்.

ஏணி மேல் இருந்து என் வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார்: “பாத்திரமெல்லாம் உள்ள வரட்டுமே புள்ள. ஒருக்கா திரும்ப அளந்து பாத்துக்கிருவோம்.”

“உங்களுக்கு ஏணி தெரியும், எனக்குச் சிக்னல் தெரியும். அவுகவுக வேலைய அவுகவுக பாப்போம்” என்றேன்.

அவர் ஆணி அடித்தார். பூஜையன்று நான்கு பெட்டிக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பொரியும் கடலையும் கொடுத்து அனுப்பினார்கள். அன்று நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன்.

நான்காம் நாள் முதலாளியிடமிருந்து போன் வந்தது. மற்ற மாடிகளில் பரவாயில்லை, மூன்றாம் மாடியில் பில் வராமல் மெஷின் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றார். ஓடினோம். போய்ப் பார்த்தபோது நான் அளந்த மாடியே அங்கே இல்லை. அண்டாவுக்குள் அண்டா, குடத்தின் மேல் குடம் என்று ராக்குகள் கூரையைத் தொட்டன. ராக்கில் இடமில்லாதவை கூரைக் கொக்கிகளில் கயிறு கட்டித் தொங்கின. அத்தனையும் பளபளவென்று துலக்கிய உலோகம். சிக்னல் அதில் முட்டிச் சிதறித் திரும்பிக்கொண்டிருந்தது. பாத்திரக்கடையைப் பாத்திரமே இல்லாத நாளில் அளந்த அறிவாளி மதுரையில் நான் ஒருத்திதான் இருப்பேன்.

என் வீட்டுக்காரர் “நான்தான் அப்பவே சொன்னேனே” என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். நல்ல மனுஷனைக் கட்டிக்கொண்டால் இந்த இம்சை உண்டு.

பதற்றத்தில் பெட்டியின் பவரை முழுசாகக் கூட்டிப் பார்த்தேன். அதுவும் உதவவில்லை. பெட்டி மட்டும் உரக்கக் கத்தி என்ன புண்ணியம்? கையில் இருக்கும் மெஷினின் சன்னக் குரல் திரும்பிப் பெட்டியை எட்ட வேண்டுமே.

“ஐப்பசிக் கூட்டம் வர்றதுக்குள்ள சரியாகலன்னா பழையபடி சீட்டுத்தேம்மா. எனக்கு வேற வழியில்ல” என்றார் முதலாளி. நியாயம்தான். பழையபடி என்றால் அக்கா இருக்க மாட்டார் என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் எந்தக் கருவியும் இல்லாமல் மூன்றாம் மாடிக்குப் போய் ஒரு முக்காலியில் உட்கார்ந்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை. திருவாதவூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அக்கா அவர்களைக் கவுண்டர் பக்கமே கூட்டிப் போகவில்லை. மாடியின் நடுவில் ஜமுக்காளத்தை விரித்து உட்கார வைத்தார். குத்துவிளக்கு, தாம்பாளம், சொம்பு என்று ஒவ்வொன்றாக அவர்கள் முன்னால் கொண்டுவந்து பரப்பினார். பெண்ணின் அம்மா தட்டிப் பார்த்தார், அத்தை குறை சொன்னார். எடை போட்டது, பேசியது, சீட்டு எழுதியது எல்லாம் அந்த ஜமுக்காளத்தில்தான். நான் அளந்து அளந்து மாட்டிய கவுண்டரில் ஒரு தண்ணீர்க் கூஜாவும் அக்காவின் கைப்பையும்தான் இருந்தன.

நிமிர்ந்து பார்த்தேன். மாடி முழுக்கக் குடமாகத் தொங்கியது. ஜமுக்காளத்துக்கு மேலே மட்டும் கொக்கிகள் வெறுமையாக இருந்தன.

“அந்த இடத்துல மட்டும் ஏன்க்கா ஒண்ணும் தொங்கவிடல?”

“சீர் எடுக்க உக்காந்திருக்கவுக தலைக்கு மேல காலிக்குடம் தொங்கலாமா தாயி? சகுனம் என்னாகுறது?”

“கடை முழுக்கக் காலிக்குடந்தானக்கா இருக்கு!”

“இருக்கட்டும். தலைக்கு மேல கூடாது.”

எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது. எத்தனை முகூர்த்தம் வந்தாலும், எவ்வளவு சரக்கு இறங்கினாலும், அந்த இடத்தை உலோகம் மறைக்கப்போவதில்லை. அங்கே உட்கார்ந்துதான் அக்கா பில் போடப்போகிறார். அன்றைக்கே பெட்டியைக் கழற்றி, ஜமுக்காளத்துக்கு நேர் மேலே, ஒரு குழாயில் கொஞ்சம் தாழ்த்தித் தொங்கவிட்டோம். பவரைக் குறைத்தேன். பாத்திரங்கள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்க, மறுபடி அளந்தேன். “சரியா இருக்கா?” என்று ஏணியிலிருந்து கேட்டார் என் வீட்டுக்காரர். “சரியா இருக்கு. அன்னைக்கு நீங்க சொன்னதும் சரிதான்” என்றேன். அவர் திருப்புளியைக் கீழே போட்டுவிட்டார்.

ஐப்பசி முதல் முகூர்த்தத்துக்கு முந்தைய ஞாயிறு, கடையில் கால் வைக்க இடமில்லை. தரைத்தளத்து மூலையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு நான்கு பெட்டிகளையும் பார்த்தபடி இருந்தேன். எல்லாம் பச்சையாகத்தான் காட்டியது. ஆனால் அளவு என்னை ஏற்கெனவே ஒரு தடவை ஏமாற்றியிருக்கிறது, நம்பிக்கை இல்லை.

மதியம் இருக்கும். தற்செயலாக நிமிர்ந்தேன். படியில் அக்கா இறங்கி வந்துகொண்டிருந்தார். ஒரு கை சுவரில். பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து நின்று, அடுத்த படி. எல்லாம் போச்சு, சீட்டோடு வருகிறார் என்று நினைத்தேன்.

“அக்கா, போச்சா?” என்று கூட்டத்துக்கு மேலே கத்தினேன்.

“எது தாயி?”

“சிக்னல்!”

“அது நிக்காம ஓடுது. காலையிலருந்து ஏழு குடும்பம், ஏழு பில்லு. ஒருதடவகூடச் சுத்தல.”

“பெறகு எதுக்குக்கா எறங்குனீங்க? அம்புட்டுப் படி! ஒரு போன் போட்டாப் போதாதா?”

கடைசிப் படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, விவரம் தெரியாத பிள்ளையைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்.

“நல்ல சேதிய போன்லயா சொல்லுவாக? நேர்ல வந்து சொல்லணும்த்தா.”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. லேப்டாப்பை என் வீட்டுக்காரர் கையில் திணித்துவிட்டு, அக்காவின் கையை எடுத்து என் தோளில் போட்டுக்கொண்டு மேலே ஏறினேன். மாடிக்கு மாடி நின்றோம். இரண்டாம் மாடித் திருப்பத்தில் சுவரில் சாய்ந்துகொண்டு அவர் சொன்னார்:

“இன்னைக்கு ஒருக்காத்தேன் எறங்கி வந்தேன். இனிமே என்னையப் பாக்கணும்னா நீதேன் மேல வரணும்.”