தலையணையில் சிலந்தி முடி

எதைப் பார்த்தும் முகம் சுளிக்காதவள் என்று சுகன்யாவுக்குப் பெயர். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியன் வேலை. காலையில் வந்து குவியும் மல டப்பாக்களையும் சளி டப்பாக்களையும் திறந்து, குச்சியால் தொட்டு, ஸ்லைடில் தடவி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து முடித்து, கையைக் கழுவிவிட்டு அடுத்த அறையில் உட்கார்ந்து தக்காளி சாதம் சாப்பிடுவாள். கூட வேலை செய்யும் நான்சி, "உனக்கு மூக்குன்னு ஒண்ணு இருக்கா இல்லையாடி" என்று கேட்பாள். வடமதுரைக்குப் பக்கத்தில் மல்லிகைத் தோட்டத்தில் வளர்ந்தவள் சுகன்யா. கையில் ஊரும் புழுவைத் தட்டிவிட்டு அடுத்த மொட்டைப் பறித்துப் பழகியவள்.

அப்படிப்பட்டவள் கல்யாணமாகி வந்த வீட்டில், படுக்கையறையில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சிலந்தி இருந்தது.

பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளை கண்ணன் அலங்கார மீன் கடை வைத்திருக்கிறான் என்றுதான் சொன்னார்கள். மீன் பிடிக்குமா என்று அவனும் கேட்டான், பிடிக்கும் என்று இவளும் சொன்னாள். சிலந்தியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. கல்யாணமான மறுநாள் காலை, கட்டிலுக்கு எதிரே மேசையில் பெட்டியை மூடியிருந்த துண்டை அவனே எடுத்தான். புது நகை வாங்கி வந்து காட்டுகிறவன் மாதிரி முகம்.

தேங்காய் நார்த்தூள் மேல் ஏதோ மயிர்க்கட்டு கிடப்பது போலத்தான் முதலில் தெரிந்தது. உள்ளங்கை அகலம் இருக்கும். பிறகு அது ஒரு காலைத் தூக்கி, யோசித்து, மெதுவாகக் கீழே வைத்தது. சுகன்யா கட்டில் வரை பின்வாங்கினாள்.

"டரான்டுலா. வெளிநாட்டு இனம். சென்னையில ஒரு பிரண்டுகிட்ட வாங்குனேன். ரோசின்னு பேரு" என்றான் கண்ணன்.

"எதுக்குங்க இது?"

"எதுக்குன்னா? வளக்கத்தான்."

"வளத்தா என்ன செய்யும்?"

"ஒண்ணும் செய்யாது. சும்மா இருக்கும்."

"எம்புட்டு நாளைக்கு?"

"இது பொட்டை. நல்லாப் பாத்துக்கிட்டா இருபது வருசம்கூட இருக்கும்." நல்ல சேதி சொல்வது போல அதைச் சொன்னான்.

மாமியார் பேச்சாயியிடம் போய்க் கேட்டாள். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பேச்சாயி தலை நிமிரவில்லை. "அந்த ரூமுக்குள்ள நான் கால் வச்சே ரொம்ப நாளாச்சு தாயி. கல்யாணம் ஆனா விட்ருவான்னு நெனச்சேன்" என்றாள். இந்தக் கணக்கைப் போட்டுத்தான் தன்னைக் கட்டி வந்தார்கள் என்று சுகன்யாவுக்குப் புரிந்தது.

அதற்குத் தீனி போடுவதை ஒரு முறைதான் பார்த்தாள். மாடிப்படிக்குக் கீழே பிளாஸ்டிக் டப்பாவில், முட்டை அட்டைகளுக்கு இடையில் கண்ணன் கரப்பான் பூச்சி வளர்த்தான். கேரட் தோல் போட்டு வளர்த்தான். ஊரில் எல்லோரும் மருந்தடித்துக் கொல்லும் பூச்சிக்கு இந்த வீட்டில் காய்கறி. அதில் ஒன்றை இடுக்கியால் எடுத்துப் பெட்டிக்குள் போட்டதும், அதுவரை செத்தது போலக் கிடந்த சிலந்தி பாய்ந்து அமுக்கியது. கடித்துத் தின்றால்கூடப் பரவாயில்லை. எச்சிலை ஊற்றி ஊற ஊற உறிஞ்சியது. கடைசியில் ஈரமான கறுப்பு உருண்டை ஒன்றைத் துப்பி வைத்தது. கண்ணன் அந்த உருண்டையை இடுக்கியால் எடுத்துவிட்டு, அதே கையோடு, "சாப்பிடலாமா" என்றான்.

இரண்டு மாதத்தில் சுகன்யாவின் கழுத்திலும் முன்கையிலும் அரிப்பு வந்தது. பொடிப்பொடியாகச் சிவந்து தடித்தது. சூடு என்று பேச்சாயி மோர் கொடுத்தாள். டாக்டர் எழுதிக்கொடுத்த களிம்பைத் தடவினால் பகலில் அடங்கும், காலையில் எழுந்தால் மறுபடி தடித்திருக்கும். லீவில் அம்மா வீட்டுக்குப் போனபோது தடமில்லாமல் போய்விட்டது. திரும்பி வந்த மறுநாளே பழையபடி.

"அப்ப வீட்லதான் ஏதோ இருக்கு. படுக்கையில பாரு" என்றாள் நான்சி.

சுகன்யா காலையில் செல்லோடேப்பைத் தலையணை உறையில் ஒட்டி எடுத்தாள். அதை ஸ்லைடில் ஒட்டி, மாதிரிகளெல்லாம் முடிந்த பிறகு மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். பஞ்சு நூல் தெரிந்தது, தன்னுடைய தலைமுடி தெரிந்தது. அவற்றுக்கு நடுவே அவள் இதுவரை பார்க்காத ஒன்று. ஊசி ஊசியாக, நூற்றுக்கணக்கில். ஒவ்வொன்றின் ஓரத்திலும் பனைமட்டைக் கருக்கு மாதிரி முள்.

வீட்டில் இருக்கும் சிலந்தியைப் பற்றிக் கேட்டதும் நான்சி போனில் தேடிப் படம் எடுத்துக் காட்டினாள். டரான்டுலா பயந்தால் பின்னங்காலால் வயிற்று முடியைத் தேய்த்து உதிர்க்கும், பட்டால் தோல் அரிக்கும், கண்ணில் விழுந்தால் ஆபத்து என்று போட்டிருந்தது. படத்தில் இருந்ததும் ஸ்லைடில் இருந்ததும் ஒன்றே.

மத்தியானச் சாப்பாட்டுக்குக் கண்ணன் வந்தபோது சுகன்யா வீட்டில் இருந்தாள். ஸ்லைடைப் போனில் எடுத்த படத்தை நீட்டினாள்.

"உங்க ரோசி முடி. என் தலையணையில இருந்து எடுத்தேன். மூடி போட்ட பெட்டிக்குள்ள கெடக்குறதோட முடி அங்க எப்படி வந்துச்சு?"

அவன் தட்டைப் பார்த்தான். "நீ வேலைக்குப் போனப்புறம்... மத்தியானம் செத்த நேரம் வெளிய விடுவேன். கட்டில்ல நடக்கும்."

"கட்டில்ல எங்க?"

"உன் பக்கம்தான். அங்கதான் சன்னல் வெளிச்சம் வரும்."

சுகன்யா எழுந்து பாத்ரூமுக்குப் போய் வாந்தி எடுத்தாள். எட்டுக் காலும் தன் தலையணையில் மெத்து மெத்தென்று நடந்துபோவதும், ராத்திரி அதே இடத்தில் தான் கன்னத்தை வைத்துப் படுப்பதும் மாறி மாறிக் கண்முன் வந்தன. குடலில் ஒன்றும் மிச்சமில்லாதபோதும் ஓங்கரித்தது.

வெளியே வந்து மெத்தையைத் தனியாளாக மொட்டை மாடிக்கு இழுத்துப் போனாள். தலையணைகளைச் சாக்கில் கட்டி வாசலில் வைத்தாள். கண்ணன் பின்னாலேயே வந்தான்.

"கடையில மீனு வாரா வாரம் செத்துப்போகுது சுகன்யா. நான் வளத்ததுல உசுரோட நிக்கிறது இது ஒண்ணுதான்."

அதைக் கேட்டு அவளுக்கு இரக்கம் வந்திருக்கலாம். வரவில்லை. "நிக்கட்டும். இந்த வீட்ல நிக்க வேணாம். நான் எங்கம்மா வீட்டுக்கெல்லாம் போக மாட்டேன். அதுதான் போகணும்" என்றாள்.

அன்றே பெட்டியும் கரப்பான் டப்பாவும் கடையின் பின்னறைக்குப் போயின. கடையிலிருந்து வந்தால் வாசல் குழாயில் கை கால் கழுவி, சட்டையை மாற்றிய பிறகே கண்ணன் உள்ளே வர வேண்டும். அரிப்பு நின்றது. புருசன் மேல் இருந்த கோபமும் மெல்லத் தணிந்தது. ஆனால் அவன் விரலைப் பார்க்கும்போது மட்டும் சில சமயம் அந்தக் கறுப்பு உருண்டை ஞாபகம் வரும். கையை விலக்கிக்கொள்வாள். அவனும் ஏனென்று கேட்பதில்லை.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொடைரோட்டில் ஒரு ஓட்டலுக்கு மீன் தொட்டி வைத்துக் கொடுக்கக் கண்ணன் போயிருந்தான். டவுனில் கரண்ட் போய் வந்தது. மீன் தொட்டி மோட்டார் மறுபடி ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு வரச்சொல்லி போன் செய்தான். சுகன்யா போய்க் கடையைத் திறந்தாள். மோட்டார் ஓடியது. பின்னறையில் சிலந்தி மல்லாந்து கிடந்தது.

செத்துவிட்டது என்று நினைத்தாள். மனசுக்குள் குளுகுளுவென்று இருந்தது. அவன் வருவதற்குள் அள்ளிப் போட்டுவிடலாம் என்று குப்பை முறத்தை எடுத்து வந்து மூடியைத் திறந்தாள். உற்றுப் பார்த்தபோது அதன் உடம்பு ஓரமாகப் பிளந்து, உள்ளிருந்து வெளிறிப்போன, ஈரமான இன்னொரு சிலந்தி பிதுங்கிக்கொண்டிருந்தது.

போன் போட்டாள். கண்ணன் குரல் உடனே மாறியது. "தொட்றாத சுகன்யா. தோல் உரிக்குது. மல்லாந்து கெடந்துதான் உரிக்கும். இப்ப அசைச்சா செத்துப்போகும். பக்கத்துல யாரையும் விட்டுறாத."

போனை வைத்துவிட்டுக் கையிலிருந்த முறத்தைப் பார்த்தாள். லேசாக ஒரு தட்டு. தானாகச் செத்தது என்று சொன்னால் முடிந்தது. இருபது வருசமும் தீர்ந்தது.

மூடியை மெதுவாக மூடினாள். முறத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஷட்டரைப் பாதி இறக்கி, வேர்க்க வேர்க்க ஸ்டூலில் உட்கார்ந்தாள். பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தாள், கண் கேட்கவில்லை. ஈரக் கையுறையைக் கழற்றுவது போல அது ஒவ்வொரு காலாக இழுத்துக்கொண்டது. கால்கள் ஜவ்வரிசி நிறத்தில் வழவழத்தன. உரித்த தோல் பக்கத்தில் இன்னொரு சிலந்தியின் பிணம் மாதிரி கிடந்தது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கண்ணன் வேர்த்து விறுவிறுத்து வந்து பெட்டி முன் குத்துக்காலிட்டான். அது நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது.

"பயந்துட்டியா?"

"பயமெல்லாம் இல்ல. அருவருப்பா இருந்துச்சு. இப்பவும் இருக்கு."

"பெறகு ஏன் இம்புட்டு நேரம் காவல் இருந்த?"

"அது செத்தா நீங்க ஒரு மாசம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருப்பீங்க. அதையும் நான்தான் பாக்கணும்."

அவன் சிரித்தான். "புதுத்தோல் என்னமா மினுங்குது, கிட்ட வந்து பாரேன்."

"பாத்த வரைக்கும் போதும்" என்று சொல்லிவிட்டு, எதையும் தொடாத கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். டவுன் பஸ்ஸில் சன்னலோரம் இடம் கிடைத்தது. வீடு வந்து சேரும் வரை வெளியே துப்பிக்கொண்டே வந்தாள்.