கேன் தண்ணீர் சீக்கிரம் தீர்ந்தபோது

குடிதண்ணீர் கேன் மாற்றும் நாளை டைரியில் குறித்துவைப்பது என் வழக்கம். குரோம்பேட்டையில் எங்கள் மூவருக்கும் ஒரு கேன் நான்கு நாள் வரும். போன கோடையில் இரண்டே நாளில் தீர்ந்தது. கேன் போடும் முருகனைப் பிடித்துக்கொண்டேன்.

"ஓட்டை கேனா பார்த்து எங்க வீட்டுக்குப் போடுறியா?"

"தரையப் பாருக்கா, ஒரு சொட்டு ஈரம் இருக்குதா? வூட்ல யாரோ குடிச்சிகினே கீறாங்க. எங்க அண்ணன் பையனும் இப்டித்தான் குடிச்சான். பார்த்தா சுகரு."

குடித்தது என் மகள் பவித்ராதான். வெயில் என்று நினைத்திருந்தேன். "பதினாறு வயசுல சுகரா? வாயக் கழுவு" என்று அவனை அனுப்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் அவள் வாந்தியெடுத்து, மூச்சு வாங்கினாள். ஆஸ்பத்திரியில் விரலில் குத்திப் பார்த்ததுமே ஐ.சி.யூ.வுக்குக் கொண்டுபோனார்கள்.

"சர்க்கரை எக்கச்சக்கமா ஏறி, ரத்தத்துல அமிலம் சேர்ந்திருக்கு. எத்தனை நாளா தாகம்? எடை குறைஞ்சுதா?" என்று டாக்டர் கேட்டார்.

பையிலிருந்த டைரியைப் புரட்டினேன். 'பவித்ரா ராத்திரி மூன்று முறை பாத்ரூம் போனாள்.' 'அவள் சுடிதார் லூஸ். இரண்டு அங்குலம் பிடித்துத் தைத்தேன்.' ஐந்து வாரமாக எல்லாம் என் கையெழுத்திலேயே இருந்தது. டைரியை அப்படியே டாக்டரிடம் நீட்டினேன்.

பிழைத்துவிட்டாள். இன்சுலின் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போகிறாள். முருகனிடம் மன்னிப்புக் கேட்டேன். எழுதி மூடிவைத்த டைரியை இப்போது ஞாயிறுதோறும் திறந்து, அந்த வாரத்தை முழுதாகப் படிக்கிறேன். உடம்பைப் பற்றி ஒரே மாதிரியான குறிப்பு இரண்டாம் முறை கண்ணில் பட்டால், மறுநாள் காலை டாக்டர் வீட்டு வாசலில் நிற்கிறோம்.