ஸ்டியரிங் பம்பின் சத்தம் நின்றபோது

காலை ஒன்பது பத்துக்கு மருமகனின் அழைப்பு வந்தது. பிறந்து நாற்பது நாள் ஆகாத என் பேத்தி, விடியற்காலையில் உறக்கத்திலேயே மௌத்தாகிவிட்டாள். நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். நான் வந்து பார்க்கும்வரை கொடுக்க மாட்டேன் என்று மகள் பிள்ளையை மடியிலேயே வைத்திருப்பதாகச் சொன்னார். எங்களில் பெண்கள் அடக்கம் செய்யும் மையவாடிக்குப் போவதில்லை. முகம் பார்ப்பதென்றால் வீட்டில்தான் பார்க்க வேண்டும், எடுத்துச் செல்வதற்குள்.

ஹேவாஹெட்ட வீதியிலுள்ள என் வீட்டிலிருந்து கண்டியைக் கடந்து அலவத்துகொடைக்குப் போக வேண்டும். தனியாகக் காரை எடுத்தேன்.

அந்தக் காரில் ஸ்டியரிங்கை இலகுவாகத் திருப்ப உதவும் எண்ணெயைத் தள்ளும் பம்பை ஒரு சின்ன மின்மோட்டார் சுழற்றுகிறது. சில வாரங்களாகத் திருப்பும்போதெல்லாம் அது முனகியது. எண்ணெய் கசிகிறது, பம்ப் காற்றை இழுக்கிறது, புதியது கொழும்பிலிருந்து வரவேண்டும் என்று கராஜில் சொன்னார்கள். அதுவரை சத்தத்தையாவது நிறுத்த முடியாதா என்று கேட்டேன். "பள்ளிக்கூடத்துல மாதிரி இதையும் வாயப் பொத்தச் சொல்றீங்களா டீச்சர்?" என்று அங்கிருந்தவர் சிரித்தார்.

அந்தக் காலை, ஆரம்ப வளைவுகளிலேயே முனகல் அலறலாகியது. பிறகு சட்டென்று நின்றது. நேர்ப்பாதையில் ஒரு சத்தமும் இல்லை. அல்லாஹ் இரங்கிவிட்டான் என்றே நினைத்தேன். அடுத்த வளைவில் ஸ்டியரிங் கல்லாகக் கனத்தது. பம்ப் நின்றுபோயிருந்தது. முழு உடம்பையும் சாய்த்து இழுத்தும் சக்கரம் போதுமான அளவு திரும்பவில்லை. கார் வீதியோர வடிகானில் இறங்கிச் சாய்ந்தது.

எனக்குக் காயமில்லை. வந்த ஆட்டோக்களில் எல்லாம் ஆள் இருந்தது. கடைசியில் ஒரு பஸ் நின்றது. கண்டியில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். கட்டுகஸ்தோட்டையில் வாகனங்கள் அசையவில்லை. அக்குறணையை நெருங்கும்போது பள்ளிவாசலில் லுஹருக்குப் பாங்கு சொன்னார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது வீட்டில் ஆண்கள் யாரும் இல்லை; பிள்ளையை எடுத்துப் போயிருந்தார்கள். மகள் கட்டிலில் இருந்தாள். பால் கசிந்து சட்டை நனைந்திருந்தது.

"காருட சத்தம் கேக்குதான்னு பாத்துக்கிட்டே ஈந்தேன் உம்மா," என்றாள். பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வெகுநேரம் கழித்து மருமகன் வந்தார். கைகளில் ஈரமண் இருந்தது. கழுவப் போகாமல் நேரே என் முன்னால் வந்து நின்றார்.

"மாமி, கபுருக் குழில வெக்கிறதுக்கு முந்தி முகத்தத் தொறந்து பாத்தேன். ஒங்களுக்குஞ் சேத்துப் பாத்தேன்."