செமோர் லயமும் ஈப்போ மாடி வாசிப்பறையும்

போன சனிக்கிழமை ஈப்போ போனேன். பழைய நகரத்துக் கடை மாடியில் சில இளைஞர்கள் நடத்தும் வாசிப்பறையைப் பார்க்க ரொம்ப நாளாக ஆசை. தலைவனோ அதிகாரமோ இல்லாமல், ஒருவருக்கொருவர் கைகொடுத்து வாழலாம் என்று சொல்லும் அனார்க்கிச நூல்களை அங்கே யாரும் இலவசமாக எடுத்துப் படிக்கலாம். கோலாலம்பூரிலிருந்து ரயிலில் இரண்டரை மணி நேரம், டிக்கெட்டுக்கு முப்பத்தைந்து வெள்ளி. வாரம் முழுக்க வேலை பார்த்த அலுப்பு. வண்டியில் தூக்கமும் வரவில்லை.

போனால் கதவு பூட்டியிருந்தது. கீழே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் காதர் அண்ணன்தான் சொன்னார்.

"மேல யாரும் இல்லலா. எல்லாரும் செமோர் பக்கம் தோட்டத்துக்குப் போயிட்டாங்க. இன்னைக்கு லயத்த ஒடைக்கிறாங்க." ஒரு பெரிய பை நிறைய நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலங்களை என் கையில் திணித்தார். "நீங்களும் போறீங்கதானே?"

போவதாக நான் சொல்லவே இல்லை. போனேன். கிராப் வாடகைக் காரில் இருபது கிலோமீட்டர், இருபத்தைந்து வெள்ளி.

பழைய ரப்பர் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான அந்த லயத்தில் பாதி அதற்குள் தரைமட்டமாகியிருந்தது. வாசிப்பறையைக் கவனித்துக்கொள்ளும் செல்விக்குத் தொண்டை கட்டியிருந்தது.

"காலையில புல்டோசர் முன்னாடி உக்காந்தோம், அண்ணே. தூக்கி ஓரமாப் போட்டுட்டாங்க. வாங்க, சாமான் ஏத்தலாம்."

லோரியில் ஏற்றினோம். கடைசி வீட்டு மரகதம் அக்கா மட்டும் இரண்டு மகள்களோடு வாசலைவிட்டு நகரவில்லை. "வாடகை வீடு அடுத்த மாசந்தான் கெடைக்கும். அதுவரைக்கும் எங்க போறது?"

"எங்க மாடிக்கு வாங்க அக்கா," என்றார் செல்வி.

மூவருக்கும் படுக்க இடம் வேண்டுமே. சாயங்காலம் அந்தக் குறுகலான படிக்கட்டில் அலமாரிகளைக் கீழே இறக்கினோம். யாரும் உத்தரவு போடவில்லை. நூல்கள் காதர் அண்ணனின் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் போயின.

மரகதம் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "எங்களுக்காகப் புத்தகத்தையெல்லாம் வெளிய போடுறீங்களே."

"படிச்சதே இதுக்குத்தானே அக்கா." சொல்லிவிட்டுச் செல்வி படியிலேயே உட்கார்ந்து அழுதார்.

லயம் போய்விட்டது. எனக்கு இன்னும் தோள் வலிக்கிறது. போக நினைப்பவர்களுக்கு: ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான். நூல் வேண்டுமென்றால் காதர் அண்ணனிடம் கேளுங்கள், எடுத்துத் தருவார். மேலே ஏறுவதானால் கீழேயிருந்தே ஒரு குரல் கொடுத்துவிட்டு ஏறுங்கள். இப்போதைக்கு அது ஒரு வீடு.